மூன்றாவது வட்டம்

தாளில் ஒரு வட்டம் கூடுதலாகப் போட்டதற்காக யாராவது வேலையைப் பணயம் வைப்பார்களா? ஸ்லாட்டினா வைத்தாள்.

காப்ரோவோ ஊரில், தகடு அழுத்தும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் தொழிற்சாலை அது. உள்ளே கை இருக்கும்வரை இயந்திரம் இறங்கக் கூடாது. ‘இறங்காதே’ என்ற அந்தக் கட்டளையைத் தரும் சுற்று அவளுடையது. அந்தக் கட்டளை வர வேண்டிய நிலைகளுக்கெல்லாம் கட்டம் போட்ட தாளில் ஒன்று என்ற எண்ணை எழுதி, அந்த ஒன்றுகளை வட்டமிட்டுச் சேர்ப்பார்கள். வட்டம் குறைந்தால் சுற்று சுருங்கும்.

தலைமைப் பொறியாளர் கோஞ்சேவ் தாளைத் தட்டினார்.

“எல்லா ஒண்ணும் ரெண்டு வட்டத்துலயே அடங்கிடுச்சே. மூணாவது எதுக்கும்மா, அழகுக்கா? ரெண்டுன்னா ஒரே சிப்புல முடிஞ்சிரும், மூணுன்னா ரெண்டு சிப்பு வேணும்.”

“சிக்னல் ஒரு வட்டத்துலேருந்து அடுத்ததுக்குத் தாவுற நேரம் இருக்கே, தோழர். பழையது விட்டுடும், புதுசு இன்னும் பிடிச்சிருக்காது. அந்த இடுக்குல ‘இறங்காதே’ங்கற கட்டளை அறுந்துபோகும். மூணாவதுதான் ரெண்டையும் சேத்துப் பிடிக்குது.”

“எவ்வளவு நேரம்?”

“கண்ணிமைக்கிறதுல கோடியில ஒரு பங்கு.”

அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். “அதுக்குள்ள பிரெஸ்ஸை இறக்கற வால்வு அசைஞ்சிருமா?” என்றார் கோஞ்சேவ்.

“வால்வு அசையாது. ஆனா அதுக்கு முன்னால ஃபிளிப்-ஃபிளாப் இருக்கு, ஒரு தடவை வந்ததை மறக்காத சுற்று; கட்டளை அறுந்ததை அது பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் வால்வு நிதானமாவே திறக்கும், பிரெஸ் இறங்கிடும்.”

சிரிப்பு நின்றது. ஆனால் கோஞ்சேவ் விடவில்லை.

“இது காப்ரோவோ. வீட்டுச் சூடு வீணாகாம கதவைச் சட்டுனு சாத்தணும்னு பூனை வாலையே வெட்டுன சிக்கனக்கார ஊரு. நீ சிப்பை வாரி இறைக்கிறியா?”

“வாலை வெட்டுனா பூனைக்குத்தான் வலிக்கும். இங்க கையில்ல போகும்? இந்தப் பலகை போற பிரெஸ்ல முப்பத்தொரு பொம்பளைங்க நிக்கிறாங்க.”

“ரெண்டு வட்டத்துக்கு மாத்திக் கையெழுத்துப் போடு. இல்லன்னா வேற இடம் பாத்துக்க.”

“போட மாட்டேன். மாத்தணும்னா நீங்களே மாத்திக் கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை அவர் பக்கம் உருட்டிவிட்டாள். தாளின் அடியில் ‘வடிவமைத்தவர்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. விபத்து நடந்தால் முதலில் தேடப்படும் பெயர் அதில்தான் வரும். கோஞ்சேவ் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் சன்னலைப் பார்த்தார்.

“நான் கிளம்பறேன். சாப்பாட்டு மணி அடிச்சாச்சு” என்று ஸ்லாட்டினா எழுந்தாள். மூன்று வட்டமும் அப்படியே இருந்த அந்தத் தாளில், காலிக் கட்டத்தில் தன் பெயரைத் தெளிவாக எழுதி, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவளை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். பலகை மூன்று வட்டமும் குறையாமல், இரண்டு சிப்புகளோடு தயாரிப்புக்குப் போனது.