ஒன்பது வீடு தள்ளி

ஜூன் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஆறாவது மாடிக் கூட்ட அறைக்கு முப்பத்தெட்டு பக்கப் பட்டியல் ஒன்று வந்தது. ஆற்றோரக் குடியிருப்பைக் காலிசெய்து புது அடுக்குமாடிக்குப் போகும் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களில் யார் பக்கத்தில் யாரை வைக்கலாம் என்று அது சொன்னது. தயாரித்தவர், ஓய்வுபெற்ற மானுடவியல் பேராசிரியர் ஒருவர்.

கூட்டத்தில் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த அவள் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். ‘வீடு 21, வீடு 44: உடன்பிறந்த சகோதரிகள். இளையவர் பார்வையற்றவர். அடுத்தடுத்து ஒதுக்குவது நலம்.’ இரண்டு முறை படித்தாள். அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டாள்.

“என்ன துண்டு மேடம், ஏதாச்சும் தப்பா இருக்கா?” என்றார் மேனேஜர்.

“இல்ல சார். ரொம்ப நல்லா பண்ணியிருக்காரு.”

துண்டு மேடம் என்பது அலுவலகம் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அறுபது வீடுகளில் போய் உட்கார்ந்து, ஈரத்துண்டை யார் எங்கே போடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தாள். அழகாகக் கட்டிக்கொடுத்த பால்கனிக் கம்பியில் ஒருவரும் போடவில்லை. எல்லாம் படுக்கையறைக் கதவின் மேல் தொங்கின. அதற்குப் பிறகு நிறுவனம் எல்லாக் கதவிலும் கொக்கி வைத்தது. மானுடவியல் படித்தவர்கள் இப்படித்தான் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்கள். கூடப் படித்த ஒருத்தன் விமான நிலையத்தில் வரிசை ஏன் கோணலாகிறது என்று பார்க்கிறான். ஒருத்தி ஷாம்பு பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கேட்டால் “ஏதோ கம்பெனியில இருக்கா” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவள் அம்மாவும் அப்படித்தான்.

அவள் போக நினைத்த இடம் வேறு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஆற்றோரக் குடியிருப்பில் இரண்டு மழைக்காலம் தங்கி, பதினாறு நோட்டுப் புத்தகம் எழுதினாள். யாருக்கு யார் உறவு, யார் வீட்டுக் குழந்தை யார் வீட்டில் சாப்பிடுகிறது, யார் யாருக்குக் கதவைத் திறக்கமாட்டார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. அந்த நேரத்தில் குடியிருப்பை இடிக்கப்போவதாகப் பேச்சு. பாதி வீடுகளில் மின்சாரம் கம்பத்திலிருந்து நேராக இழுத்தது. அதனால் வகுப்பில் இதே பேராசிரியர் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தாள்: சோறு போட்டவர்களைக் காட்டிக்கொடுக்காதே, பெயரை மாற்று, கதவு எண்ணை மாற்று. ஒவ்வொரு வீட்டு எண்ணோடும் ஒன்பது கூட்டி எழுதினாள். பன்னிரண்டாம் வீடு நோட்டில் இருபத்தொன்று. கணக்கு அவள் தலைக்குள் மட்டும் இருந்தது.

பேராசிரியர் “ஒரு வாரம் பாத்துட்டு தரேம்மா” என்று நோட்டுகளை வாங்கினார். பதினான்கு மாதம் கழித்து அவர் பெயரில் புத்தகம் வந்தது. வரைபடம், உறவுப் படங்கள், அவள் வாக்கியங்கள். முன்னுரையின் கடைசிப் பத்தியில், களப்பணியில் உதவிய மாணவிக்கு நன்றி. அவள் ஆய்வேடு திரும்பி வந்தது. இந்தத் தரவுகள் ஏற்கெனவே வெளியானவை, வேறு தலைப்பு எடுக்கவும் என்று துறை குறிப்பு எழுதியிருந்தது. புத்தகத்தை வாங்கி வந்த அன்று வரைபடத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு குடும்பமும் ஒன்பது வீடு தள்ளி உட்கார்ந்திருந்தது. அவர் ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. விதியைக் கற்றுக்கொடுத்தவர், கற்றுக்கொண்டவள் அதன்படி நடந்திருப்பாள் என்று நினைக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய நார் போல நாக்கு அடிக்கடி அங்கே போய் வந்துகொண்டிருந்தது. அந்தப் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தபோதும், இரண்டாம் பதிப்பு வந்தபோதும், இருக்கட்டும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள். இப்போது அது தானாக நடந்து வந்து மேசைமேல் படுத்திருந்தது.

“சார், கையெழுத்தாகறதுக்கு முன்னாடி ஒரு தடவ வீட்டுக்கு வீடு போய் சரிபாத்துடலாம்” என்றாள். “பேராசிரியரே வந்து படிச்சா நல்லா இருக்கும். ஒதுக்கீட்டு அதிகாரியும் வரட்டும்.”

“அவ்ளோ பெரிய மனுசன் வருவாரா?”

“பத்திரிகைக்காரங்கள கூப்பிட்டா வருவாரு.”

அன்று மாலையே குடியிருப்புக்குப் போனாள். பன்னிரண்டாம் வீட்டில் தையல்கார அக்கா வாசலில் மிஷினை வைத்துப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மழைக்காலமும் அவளுக்குப் பாய் விரித்தவள். முப்பத்தைந்தாம் வீட்டில் அக்காவின் தங்கை, கண் தெரியாது. மூன்று வேளையும் அக்காதான் டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுபோவாள். பட்டியலில் ‘21, 44’ என்று இருந்தவர்கள் இவர்கள்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா பெடலை நிறுத்தினாள். “அப்ப நெசமான இருபத்தொண்ணும் நாப்பத்திநாலும் அடுத்தடுத்த வீடா? அய்யய்யோ! இருபத்தொண்ணோட புருஷன்தான நாப்பத்திநாலுல குடியிருக்கான்!”

“ஆமாக்கா.”

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வரட்டும், வரட்டும். கார விட்டு எறங்காத மனுசன் சேத்துல எறங்கட்டும்.” பிறகு நூலைப் பல்லால் கடித்துவிட்டு, சிரிப்பில்லாமல் சொன்னாள். “வேடிக்கையெல்லாம் சரி கண்ணு. ஆனா அவளயும் என்னையும் பிரிச்சிடாதீங்க. உன் நோட்டுல நாங்க எங்க இருக்கோம்னு உனக்குத்தான் தெரியும். கடைசியில சொல்லிடு.”

“சொல்லிடறேங்க்கா.”

சொல்லும்போது அப்படித்தான் நினைத்தாள்.

பதினொன்றாம் தேதி பேராசிரியர் வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது, காலணி புதிது. அவளைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கி, “நீ இங்கதான் இருக்கியா? நல்லது, நல்லது” என்றார். அவள் அட்டையில் தாளைக் கிளிப் போட்டுக்கொண்டு, “முதல்ல இருபத்தொண்ணாம் வீடு சார்” என்றாள்.

பின்னால் பிள்ளைகளும் பெண்களுமாக ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்து, வகுப்பெடுக்கும் குரலில் படித்தார். “நீங்களும் நாப்பத்திநாலாம் வீட்டம்மாவும் உடன்பிறந்தவங்க. அதனால புது கட்டடத்துல ரெண்டு பேருக்கும் பக்கத்து பக்கத்து வீடு.”

வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்தாள். “யாரு, நானும் அவளுமா? ஒரு வகையில அக்கா தங்கச்சிதான் சார். என் பழச அவ கட்டிக்கிட்டா.”

தெருவே வெடித்தது. பேராசிரியர் தாளைப் பார்த்தார். “இல்லம்மா, உங்க தங்கச்சிக்குக் கண் பார்வை கூட...”

“கண்ணு தெரியாமலா என் புருஷனத் தேடிப் புடிச்சா?”

ஒதுக்கீட்டு அதிகாரி தொண்டையைக் கனைத்தார். நிருபர் எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டில், எதிர்வீட்டுக்காரனோடு பத்து வருடமாகப் பேசாத கிழவரிடம், அவன் அவருடைய மகன் என்றார் பேராசிரியர். கிழவர், “அப்ப என் பொண்டாட்டிகிட்ட சில கேள்வி கேக்கணும்” என்று உள்ளே திரும்பினார். அதற்கடுத்த வீட்டில் பிள்ளையே பெறாதவளுக்கு நான்கு பிள்ளைகள். நான்காவது வாசலில் பேராசிரியர் படிக்கவில்லை. தாளையும் கதவு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் அது மெல்ல இறங்குவதை அவள் பார்த்தாள். இந்த முகத்துக்காகத்தான் இத்தனை வருடம்.

அவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “எத்தனை தள்ளி வச்சே?”

“நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சார்.”

“அது தெரியும். எத்தனை?”

“அடுத்து எந்த வீடு சார்?” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஏழாவது வீட்டில் அதிகாரி நிறுத்தச் சொல்லிவிட்டார். பேராசிரியர் காருக்குப் பக்கத்தில் போய் நின்று கண்ணாடியைத் துடைத்தார். காலணியில் கணுக்கால்வரை சேறு.

“மேடம், இத சரிபண்ண முடியுமா?” என்றார் அதிகாரி.

“புதுசா கணக்கெடுக்கணும் சார். மூணு வாரம் குடுங்க, நானே எடுத்துத் தரேன்.”

“மூணு நாள் கூட இல்ல. சாவி குடுக்கற தேதி அச்சடிச்சாச்சு. சொந்தம் பந்தம்னு பாத்ததே தப்பு. குலுக்கல் போட்டுட வேண்டியதுதான்.” அவர் அவளையே பார்த்தார். “இந்தப் பட்டியல வச்சு எதுவும் பண்ண முடியாதுல்ல?”

ஒரு வார்த்தை போதும். ஒன்பதைக் கழித்தால் பட்டியல் சரியாகிவிடும். பட்டியல் சரியானால் புத்தகமும் சரியாகிவிடும். அடுத்த பதிப்பில் ‘கதவு எண்களில் நேர்ந்த சிறு பிழை திருத்தப்பட்டது’ என்று ஒரு வரி வரும். அந்த வரிகூட அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. அதன் கீழே மறுபடியும் மாணவிக்கு நன்றி. காருக்குப் பக்கத்திலிருந்து பேராசிரியர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் வீட்டு வாசலில் அக்காவும் கத்தரிக்கோலோடு நின்று அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அட்டையில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தாள்.

“இல்ல சார். முடியாது.”

மறுநாள் ஒரு நாளிதழின் நான்காம் பக்கத்தில் செய்தி வந்தது. அந்த வாரமே பேராசிரியரின் பெயர் ஆலோசனைக் குழுவிலிருந்து எடுக்கப்பட்டது. மூன்றாம் பதிப்பை நிறுத்திவைப்பதாகப் பதிப்பகம் அறிவித்தது. அவள் செய்தியைக் கத்தரித்து மேசை இழுப்பறையில் வைத்தாள். முதல் இரண்டு நாள் அடிக்கடி எடுத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை குலுக்கல் நடந்தது.

ஆகஸ்ட் கடைசியில், குடியேறியவர்கள் வீட்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க நிறுவனம் அவளை அனுப்பியது. முதல் கட்டடம், ஆறாவது மாடி, 614. கதவைத் திறந்த தையல்கார அக்கா கையில் டிபன் கேரியர் இருந்தது.

“வாங்க மேடம்” என்றாள். இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. “துண்டு எங்க காயுதுன்னு பாக்க வந்தீங்களா? கதவுக்குப் பின்னால கொக்கியிலதான் இருக்கு. பாத்துட்டு போங்க. எனக்கு நேரமாச்சு.”

“அக்கா...”

“அவ பசி தாங்கமாட்டா.”

தங்கைக்கு விழுந்தது மூன்றாவது கட்டடம், எட்டாவது மாடி. அக்கா கேரியரைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்கு நின்றாள். லிஃப்ட் இரண்டு முறை நிற்காமல் போயிற்று. பிறகு படியில் இறங்க ஆரம்பித்தாள்.

அவள் நோட்டைத் திறந்தாள். கை பழக்கத்தில் ஒன்பது கூட்டி 623 என்று எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு 614 என்று எழுதினாள். பிறகு நடைபாதைக் கம்பியோரம் நின்று கீழே பார்த்தாள். அக்கா மைதானத்தைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்குள் நுழைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டாவது மாடி நடைபாதையில் கேரியரின் எவர்சில்வர் ஒரு முறை மின்னியது. கதவு திறந்து மூடியது.

பதினான்கு நிமிடம். அதையும் எழுதிக்கொண்டாள்.