அடிக்குறிப்புக்கு ஒரு பேர்

ஷுக்ரி நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. லுணுகலையில் புடவைக்கடை வைத்திருக்கும் இப்றாஹீம் முதலாளியின் மகன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் படிக்கிறவன். தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஏறி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, கொடுத்த பாலில்லாச் சாயத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தின பஞ்சத்தைப் பற்றிக் கேட்டான். அந்த வீட்டு ராமலட்சுமியும் மனம்விட்டுச் சொன்னாள். மாவு கிடைக்காமல் போனது, கண்ட கீரையையும் பிடுங்கி அவித்தது, மூன்று வயது மகன் உடம்பெல்லாம் வீங்கிச் செத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் சும்மா இருக்குமா வாய்?

எல்லாம் எழுதி முடித்த பிறகு கேட்டான்: "ஒங்கட முழுப் பேரு என்ன அக்கா? லய நம்பர்?"

ராமலட்சுமி சுதாரித்துக்கொண்டாள். போன மாசியிலும் இப்படித்தான் ஒருவன் சிரித்துச் சிரித்துப் பேசிப் பேரெழுதிப் போனான். மூன்றே மாதம், மேல்லயத்து இராசையா குடும்பத்தை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, யார் கண்டது? ராமலட்சுமி குடும்பமோ இலங்கையிலேயே இருக்கக் குடியுரிமைக்கு மனுப்போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கிடக்கிறார்கள்.

"பேரு எதுக்குத் தம்பி?"

"கட்டுரைக்கு அக்கா. பேரில்லாட்டி படிப்பிக்கிற சேர் ஏத்துக்க மாட்டாரு." அவன் பையிலிருந்து பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினான். ஓரமெல்லாம் ஒரே சிவப்பு மை. "பாருங்க. 'யார் சொன்னது? எங்கே? எப்போது?' பக்கத்துக்குப் பக்கம் இதான் கேள்வி. சொன்னவங்கட பேர அடியில குறிக்கணும். இந்தத் தடவையும் திரும்பி வந்தா நான் பெயில்தான்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் யார், எங்கே, எப்போது என்று கேட்கிறவனைத் தெரியாதா? பொலிசுக்காரன் கேட்பான், குடியுரிமைக் கந்தோரில் மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவன் கேட்பான். பாடம் சொல்லிக்கொடுக்கிற மனுசனுக்கு இது எதற்கு?

"எம்புள்ள செத்தத நம்புறதுக்கு ஒங்க சாருக்கு எம்பேரு வேணுமா?"

ஷுக்ரி தலையைக் குனிந்துகொண்டான். "இல்லாட்டி நானே கட்டிவிட்ட கதைன்னு சொல்லுவாரு அக்கா. புள்ள பட்டினியில செத்ததே இல்லன்னு ஆயிரும்."

அதுதான் அவளைச் சுட்டது. இல்லையென்று ஆகிவிடுமாமே! பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, பிள்ளை சாகவில்லையென்று எவனோ சொல்வானா? ஆனால் பேரைக் கொடுத்தால் மிச்சமிருக்கிற இரண்டு பிள்ளைகளோடு எந்தக் கரையில் போய் நிற்பது? அடுப்பில் சுள்ளி அணைந்துபோனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"எழுதிக்கங்க தம்பி," என்றாள் கடைசியில். "சண்முகராஜா."

"அது ஒங்க புருசனா?"

"செத்த எம்மகன்."

"அக்கா, மூணு வயசுப் புள்ளட பேர எப்பிடிப் போடுறது? சேர் கேப்பாரே."

"பட்டினி கெடந்தவனே சொன்னான்னு சொல்லுங்க. லய நம்பருக்குப் பதிலா அவனப் பொதச்ச எடத்தப் போட்டுக்கங்க, எந்தக் கந்தோருக்கு வேணும்னாலும் குடுங்க. அவன எவனும் கப்பலேத்த முடியாது."