ஏழாம் இடத்தில் ஐந்தாவது ஆல்பம்

நான் பல் செட் தயாரிக்கும் கூடத்தில் மெழுகில் பல் பதிப்பவள். எதிர் மேசையில் உட்கார்ந்து அவற்றுக்கு மெருகு போடுபவனை மூன்று வருடமாகக் காதலிக்கிறேன். அவனைத் தவிர அங்கே எல்லோருக்கும் இது தெரியும், வாசல் காவலாளி உட்பட.

எங்களைப் பேசவைத்தது ஒரு போஸ்ட்-ராக் இசைக்குழு. நாலு பேர், ஏழு ஆல்பம், வாயைத் திறந்து ஒரு வரி பாடியதில்லை. கித்தார் பூனை மாதிரி வந்து, பத்தே நிமிடத்தில் கூரையைப் பெயர்த்துவிடும். ஏழையும் வரிசைப்படுத்தி ஆளுக்கொரு சீட்டு எழுதி, மதியச் சாப்பாட்டில் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. நான் மனதுக்குள் இன்னொன்றும் முடிவு செய்திருந்தேன். அவனும் ஐந்தாவதை முதலில் போட்டிருந்தால் அன்றைக்கே கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவது. இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பல் பதிப்பது.

அவன் சீட்டைப் பிரித்தேன். ஐந்தாவது ஆல்பம் ஏழாம் இடத்தில் கிடந்தது.

"உனக்குக் காது இருக்கா, இல்ல அதையும் தேய்ச்சு மெருகு போட்டுட்டியா?"

"அது தூங்கி வழியுது. எழவு வீடு மாதிரி இருக்கு."

"எழவு வீடா? அதக் கேட்டா எனக்குக் கால் தரையில நிக்காது."

மேசைக்குத் திரும்பி, அந்த ஆத்திரத்தில் ஒரு முன்பல்லைக் கடைவாயில் பதித்துத் தொலைத்தேன். "சாயங்காலம் வீட்டுக்கு வா. கேக்க வைக்கிறேன்" என்றேன்.

வந்தான். மற்ற ஆறையும் நான் போனில்தான் கேட்பேன். ஐந்தாவது மட்டும் இசைத்தட்டு. அதையும் ஒரு பழைய பிளேயரையும் என் பிறந்தநாளுக்கு வாங்கி, மாட்டி ஓடவிட்டது அண்ணன். முள்ளை வைத்தேன். கித்தார்கள் குதித்து ஓடின. நான் நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்துவிட்டேன்.

மெருகுக்காரன் ஆடவில்லை. குனிந்து பிளேயரின் பக்கவாட்டைப் பார்த்தான்.

"இந்த வேகக் குமிழ யாரு நாப்பத்தஞ்சுல வச்சது?"

"அண்ணன். ஏன்?"

"இந்தத் தட்டு நிமிஷத்துக்கு முப்பத்திமூணு சுத்துதான் சுத்தணும். இத்தன நாளா ஓட ஓட விரட்டிக் கேட்டிருக்க."

யாராவது பாடியிருந்தால் முதல் வரியிலேயே எலிக்குரல் காட்டிக் கொடுத்திருக்கும். இவர்கள்தான் பாடவே மாட்டார்களே. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன், நைசாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நழுவினான்.

மானம் கப்பலேறிவிட்டது. குமிழைத் திருப்பக் கையை நீட்டினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இரு. முடியட்டும்."

தட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை கையை விடவில்லை. பாதியில் அவன் காலும் தாளம் போட்டது. பிறகு சீட்டை எடுத்து, எல்லாவற்றையும் ஒரு படி கீழே தள்ளி, உச்சியில் எழுதினான்: 'ஐந்தாவது, இவள் வீட்டு வேகத்தில்.'

"இதுதான் ஒண்ணு. ஆனா இத இந்த வீட்டுலதான் கேக்க முடியும், அதான் சிக்கல்."

"என்ன, பிளேயரத் தூக்கிட்டுப் போகப் போறியா?"

"ஆளோட சேத்துக் கேட்டா தருவாங்களா?"

நான் கேட்கவேண்டியதை அவன் கேட்டுவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலைப் பார்த்துக் கத்தினேன்:

"அண்ணா, செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."