உள்ளேயிருந்து வரும் சூடு

அலுவலகத்தில் அவருக்கு ‘ஆனாலும் சார்’ என்று பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோப்புகளைப் பார்க்கும் வேலை. இருபது வருடமாக நசுங்கிய கார், மூழ்கிய கார், எரிந்த கார் என்று பார்த்துப் பார்த்து, தெருவில் நன்றாக ஓடுகிற காரைக் கண்டால்கூட ‘இன்னும் நம்ம மேஜைக்கு வந்து சேரலை, அவ்வளவுதான்’ என்று தோன்றும் அளவுக்கு ஆகிவிட்டார். யார் எதைச் சொன்னாலும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு “ஆனாலும்...” என்று ஆரம்பிப்பார்.

அப்படிப்பட்டவர் பழைய கார் வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் மனைவி. ரொட்டித் தொழிற்கூடத்தில் பெரிய அடுப்பின் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அந்த அடுப்பு ஒரு பெண்ணின் கைக்கு வருவது அதுவே முதல் தடவை. விடிகாலை நாலரைக்கு அடுப்பை ஏற்றியாக வேண்டும். முதல் பஸ்ஸோ ஐந்தேகாலுக்குத்தான். “மாசத்துல மூணு நாள் லேட்டானா வேற ஆளைப் போட்டுடுவேன்” என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே கார் அழகாக இருக்க வேண்டாம், வேகமாகப் போக வேண்டாம். இருட்டில் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும்.

இதில் ஆனாலும் சாரின் கைராசி உலகம் அறிந்தது. அவர் வாங்கிய பழைய குளிர்பெட்டி ராத்திரி முழுக்க முனகியது. அவர் வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போதே நகர்ந்து நகர்ந்து கூடம் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது. “பாசமா இருக்கு மாமா, ஒரு பேர் வெச்சிடுங்க” என்றான் மைத்துனன். அந்த அவமானத்தையெல்லாம் துடைக்க, இந்தத் தடவை நாற்பத்து மூன்று கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்து, அட்டையில் கிளிப் போட்டு எடுத்துக்கொண்டார்.

காரை விற்பவர் ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர். குளத்துக்கு அக்கரையில் இருப்பவனுக்கும் கேட்கிற குரல். கொட்டகை நிழலில் சாம்பல் நிறத்தில் சின்னக் கார், குளித்துத் தலை வாரிய பிள்ளை மாதிரி நின்றது.

“கேளுங்க சார், எது வேணாலும் கேளுங்க.”

ஆனாலும் சார் கேட்டார். டயர், கிளட்ச், துரு, தண்ணீரில் மூழ்கியதுண்டா, பதினேழாவதாக பேட்டரி.

“பேட்டரியா? புதுசு சார்!”

“கடைசியா எப்ப எடுத்தீங்க?”

“மூணு நாளா தொடவே இல்ல.”

அவர் அதற்கும் ஒரு டிக் போட்டார். கூட வந்திருந்த மனைவி முன்பக்கம் போய், என்ஜின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அடுப்புக் கதவருகே கையை நீட்டியே உள்ளே சூடு எவ்வளவு என்று சொல்கிற கை அது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை எடுப்பது அவள் சொன்னதைச் சரிபார்க்கத்தான்.

“அண்ணே, இது நின்னு அரை மணி நேரம்கூட ஆகலையே.”

“வெயில்மா, வெயில்!”

“வெயில் சூடுன்னா மேலோட நின்னுடும்ணே. இது உள்ளேயிருந்து வருது. அதுவும் நிழல்ல இருக்கு.”

நாற்பத்து மூன்று கேள்விகளும் ஆனாலும் சாரின் கையில் வெறும் காகிதமாயின. ‘அடேயப்பா’ என்று நினைத்துக்கொண்டார். திருமணமாகிப் பதினெட்டு வருடம். இன்னும் அந்த ‘அடேயப்பா’ தீர்ந்தபாடில்லை.

பயிற்சியாளரின் குரல் முதல் தடவையாகக் கொட்டகைக்குள் அடங்கியது. “காலைல கொஞ்சம் இருமும்மா. நீங்க வர்ற நேரத்துல மானத்தை வாங்கிடுமோன்னு ஒரு சுத்து ஓட்டிட்டு வந்தேன்.”

“ஆனாலும்...” என்று ஆரம்பித்தவர், மேலே சொல்லாமல் மனைவியின் புடவைத் தலைப்பைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். அவள் நகரவில்லை.

“ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. காலைல நாலு மணிக்கு வர்றோம். அதுவரைக்கும் ஆறட்டும். சாவி என்கிட்ட இருக்கட்டும்ணே.”

“ரெண்டு சாவி இருக்கு” என்றார் பயிற்சியாளர். இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிறு நாலு மணி. கார் முதல் தடவை முனகியது. இரண்டாம் தடவை இருமியது. மூன்றாம் தடவைதான் எழுந்தது.

“பாத்தியா? குளிர்பெட்டிக்குக் கூடப் பிறந்தது! வா போலாம்.”

“அந்த லைட்டைப் பாருங்க. சாவியைத் திருப்பும்போதெல்லாம் மங்குது. என்ஜின் எழுந்த பிறகு ஒழுங்கா ஓடுது, இருமல் இல்ல. கோளாறு பேட்டரிலதான்.”

ஆனாலும் சார் டார்ச்சை உள்ளே அடித்தார். கோப்பில் தேதி தேடித் தேய்ந்த கண். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பேட்டரியின் ஓரத்தில் பொடியாக அச்சாகியிருந்த தேதியைக் கண்டுபிடித்தார். ஆறு வருடம்.

“புதுசுன்னீங்களே?”

“வாங்கின நாள்ல புதுசுதான் சார்” என்றார் பயிற்சியாளர், தரையைப் பார்த்து. பிறகு ஆனாலும் சாரின் பட்டியலை வாங்கி, பின்பக்கத்தில் அவராகவே எழுத ஆரம்பித்தார். பின் இடது கண்ணாடியைக் கையால் தூக்கிவிட வேண்டும், பின்னால் போகும் கியர் விழ இரண்டு தடவை தள்ள வேண்டும், மழை பெய்தால் வலது ஓரம் ஒழுகும். பதினோரு குறை. அதில் ஏழு, நாற்பத்து மூன்றிலும் இல்லை.

“இவ்வளவு குறையா!”

“தெரிஞ்ச குறைங்க. நம்ம பெரிய அடுப்புலகூட வலது மூலை ஆறுது. தெரியும், அதனால தட்டைத் திருப்பி வைக்கிறேன்” என்றாள் அவள். “புது பேட்டரி போடுங்கண்ணே. ரெண்டு ராத்திரி தொடாம ஆறட்டும். திரும்ப வர்றேன்.”

செவ்வாய் விடிகாலை, டாக்சியில் அடுப்புக்குப் போகும் வழியில் வந்து பார்த்தாள். ஒரே திருப்பு. வாங்கிவிட்டார்கள்.

முதல் நாள் விடிகாலை ஆனாலும் சார், பேட்டரி படுத்தால் வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கம்பிகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, டார்ச்சும் குடையும் தெரிந்த டாக்சிக்காரரின் எண்ணுமாகக் கீழே நின்றார். அவள் சாவியைத் திருப்பினாள். கார் கிளம்பிப் போயே போய்விட்டது. சண்டைக்கு ஆயத்தமாகி வந்தவனை எதிரி ஏறிட்டும் பாராமல் போனது போல அவர் நின்றார். நாலரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது செய்தி வந்தது: ‘ஏத்தியாச்சு.’

சாயங்காலம் வீடு திரும்பியவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கீழே நின்ற காரின் மூடியில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். மேலே பார்த்து, “இப்பதான் வந்தியா? கால் மணி நேரம் இருக்குமா?” என்றார் பெருமையாக.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அவள் எட்டிப் பார்த்தாள்.

“ஒரு மணிக்கே வந்தாச்சு. கையை எடுங்க, அது வெயில்!”

அவர் எடுக்கவில்லை.