திண்டிவனத்தில் ஆறு வேலைகள்

பதினாறு வயதில் கூட்டேரிப்பட்டு அருகே வண்டியிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். அதன் பிறகு எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறேன். மருத்துவமனையில் கற்றுக்கொடுத்த பழக்கம். எழுதியது சரிதானா என்று மறுபடி மறுபடி பார்ப்பதை மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை. அது அடிபட்டதால் வந்த கோளாறு என்று ஏழு வருடமாக நினைத்திருந்தேன்.

விழுப்புரத்தில் மாலை நேரத் தட்டச்சு வகுப்புக்குப் போகிறேன். அதன் ஹையர் தேர்வு அடுத்த ஞாயிறு திண்டிவனத்தில் இருந்தது. தனியாகப் பேருந்தில் போய் எழுதிவிட்டு வர ஆசை. அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "லூசியா, அண்ணன் கூட வருவான்."

அந்த வாரம்தான் புதுச்சேரியிலிருந்து கலைப்பிரியா மேடம் வந்தார். தலையில் அடிபட்டவர்கள் பல வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்பவர். வருடா வருடம் வீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். நான் வாய் திறக்கும் முன் அம்மா பதில் சொல்லிவிடுவார். இந்த முறை கடைத்தெருவில் சோதனை. ஒப்பிட்டுப் பார்க்க, அடிபடாத ஒருவரும் அதையே செய்ய வேண்டும். கூடப்பிறந்தவர் என்றால் நல்லதாம்.

"நானா? கண்ண மூடிக்கினு முடிப்பேன் மேடம்," என்றான் அண்ணன் பிரகாஷ்.

"இவ தனியா போலாமான்னு அதுல தெரியுமாம்மா?" என்று அம்மா கேட்டார்.

"ஓரளவுக்குத் தெரியும்ங்க."

"அப்ப பாத்துட்டு சொல்லு. நீ சரின்னா விடறேன்."

சனிக்கிழமை திண்டிவனம் போனோம். ஆளுக்கு ஒரு தாள். நாற்பது நிமிடத்தில் ஆறு வேலை: கால் கிலோ வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை) வாங்க வேண்டும், ஒரு தபால் அட்டை வாங்க வேண்டும், செஞ்சிக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்று கேட்க வேண்டும், ஒரு செருப்புக் கடையின் பெயரை எழுத வேண்டும், இருபதாவது நிமிடம் மேடத்துக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், நேரத்துக்குப் பேருந்து நிலைய வாசலுக்குத் திரும்ப வேண்டும். ஒரு கடைக்குள் ஒரு தடவைதான் நுழையலாம். மேடம் என் பின்னால் வந்தார். அவருடைய உதவியாளர் அண்ணன் பின்னால் போனார். இருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒவ்வொன்றாக முடித்து டிக் போட்டேன். மிஸ்டு காலும் சரியான நிமிடத்தில் கொடுத்தேன். அப்புறம் சந்தேகம் வந்தது. கையில் இருப்பது கால் கிலோதானா? கால்கள் தாமாக மறுபடி மல்லாட்டைக் கடைக்குள் போய்விட்டன.

"நிறுத்துதானே குடுத்தேன்? கையில வெச்சிக்கினே கேக்கிறியேம்மா!" என்றார் கடைக்காரர்.

வெளியே வந்து, "தப்பு பண்ணிட்டேன் மேடம், எழுதிக்குங்க," என்றேன். மேடம் தலையை மட்டும் ஆட்டினார். தேர்வுக்கு அண்ணனோடுதான் போகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் பத்தொன்பது நிமிடம் தாமதமாக வந்தான்.

"கூடப் படிச்சவன் ஒருத்தன் மாட்டிக்கினான் மேடம். டீ சாப்ட்டோம்."

"மிஸ்டு கால்?"

"அடடா!"

"தபால் அட்டை?"

"அதுவும் இருந்துச்சா?"

"மல்லாட்டை?"

"அது வாங்கினேன் மேடம். பாதி இருக்குது."

செஞ்சிப் பேருந்தையும் அவன் விசாரிக்கவில்லை.

வீட்டில் மேடம் அம்மாவிடம் தாளைக் காட்டினார். எனக்கு ஒரு தவறு, அண்ணனுக்கு நான்கு.

"ஒரு நாள வெச்சி எல்லாம் சொல்ல முடியாதுங்க. ஆனா ஏழு வருஷமா பாக்கறேன். லூசியா தாராளமா தனியா போலாம். கொஞ்சம் நிதானமா செய்வாங்க, அவ்ளோதான். இந்த சரிபாக்கறதுதான் அடியால வந்ததான்னு எனக்குப் புரியல."

"எது, அதுவா?" அம்மா சிரித்தார். "அஞ்சு வயசிலயே அப்டித்தாம்மா. நான் பூட்டின பூட்ட நாலு வாட்டி இழுத்துப் பாப்பா. வாத்தியாரு கணக்கு போட்டா, அதயும் தப்பான்னு பாத்துக்கினு நிப்பா."

மேடம் பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத ஏம்மா இத்தினி வருஷமா சொல்லல?"

"யாரு கேட்டாங்க?" என்ற அம்மா, அண்ணன் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம அவ தனியா போறா. இனிமே நீ எங்கனா போறதுன்னாதான், தங்கச்சிய கூட்டிக்கினு போ."

ஞாயிறு காலை ஏழே காலுக்குப் பேருந்து ஏறினேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. விக்கிரவாண்டியில் பையைத் திறந்து ஹால் டிக்கெட்டைப் பார்த்தேன், இருந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மறுபடி பார்க்கத் தோன்றியது. பார்த்தேன். சுபாவம்தானே.