பாவாயி இழுத்த நாற்பது நாள்

சங்ககிரிப் பக்கத்தில் லாரி என்ஜினை ரிப்பேர் வேலைக்கு இறக்கினால், அது திரும்பி வரும்வரை அந்த வீட்டிலிருந்து ஒருவர் என்ஜின் இருந்த இடத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். வண்டியைச் சும்மா நிறுத்திவைக்க முடியாது. என்ஜின் இல்லாமல் மூன்று நாள் நின்ற வண்டி, நான்காம் நாள் தன் டிரைவரை மறந்துவிடும்.

என்ஜினையே மாற்றிவிட்டால் யாரும் படுக்க வேண்டியதில்லை. மாற்று என்ஜின் ஒரே நாளில் ஏறிவிடும். ஆனால் பழையதை வண்டிக்காரர் தன் கையால் சம்மட்டி கொண்டு உடைத்துத்தான் காயலான் கடைக்குக் கொடுக்க வேண்டும். உடைக்காமல் கொடுத்தால் அது ஒரு வாரத்தில் வீட்டைக் கண்டுபிடித்து வந்துவிடும்.

சென்னியப்பனின் என்ஜினுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு வருடமாகவே நீலப் புகை விட்டுக்கொண்டிருந்தது. டீசலுக்குச் சமமாக ஆயில் குடித்தது. தொப்பூர் ஏற்றத்தில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. பட்டறையில் குப்பண்ண மேஸ்திரி நீளமான திருப்புளி ஒன்றை என்ஜின்மேல் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு காதைத் துடைத்துக்கொண்டு, சிலிண்டரைக் கடைந்து போர் வேலை பார்த்து, ரிங்கும் பிஸ்டனும் மாற்றினால் இன்னும் நாலைந்து வருடம் ஓடும், ஆனால் வேலை முடிய நாற்பது நாளாகும் என்றார். மாற்றிவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை. எதுவானாலும் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும். உள்ளே கிராங்க் தண்டு தட்டுகிறது, நடுரோட்டில் நின்றால் இரண்டுமே நடக்காது.

சென்னியப்பன் மூன்று நாள் யோசித்தான். டீக்கடையில் மற்ற டிரைவர்களைக் கேட்டான். சிலர் பழைய என்ஜினுக்குப் பாதை தெரியும் என்றார்கள். சிலர், வயதானது வயதானதுதான், எத்தனை செய்தாலும் ஒரு பக்கம் பார்த்தால் இன்னொரு பக்கம் போகும் என்றார்கள். பாவாயி சோறு போடும்போது, மாற்றிவிடுங்கள் என்று ஒரே பேச்சாகச் சொன்னாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் வண்டி ஓட்ட வேண்டும்.

நான்காம் நாள் காலையில் அவன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். பாவாயியும் பின்னால் போனாள். என்ஜினைச் சங்கிலி போட்டு இறக்கி, மரக்கட்டைகள்மேல் வைத்திருந்தார்கள். முந்தின நாளிலிருந்து யாரும் அதை ஓட்டவில்லை. ஆனாலும் தொட்டால் சூடாக இருந்தது. சென்னியப்பன் சம்மட்டியை மூன்று தரம் தலைக்குமேல் தூக்கி, மூன்று தரமும் மெதுவாகத் தரையில் இறக்கினான். அப்புறம் தோள்துண்டை எடுத்து என்ஜின்மேல் கசிந்திருந்த ஆயிலைத் துடைத்தான். மூலை முடுக்கெல்லாம் துடைத்தான். அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து அழுதான்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவன் அழுது பாவாயி பார்த்ததில்லை. முதல் குழந்தை பதினோராம் நாள் செத்தபோதுகூட இல்லை. அப்போது அவன் நாக்பூருக்கு மஞ்சள் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். நான்காம் நாள் வந்து சேர்ந்தவன், குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கினான். அதற்குப்பின் அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தத் தூக்கத்தை அவள் மன்னிக்கவுமில்லை.

"வேலையே பாத்துருங்க மேஸ்திரி," என்றான் சென்னியப்பன்.

யார் படுப்பது என்று அவன் சொல்லவில்லை. மேஸ்திரி பாவாயியைப் பார்த்தார். அவள் வீட்டுக்குப் போய், எருமையைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு, தாலியையும் வளையலையும் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டு வந்தாள். நகை எதுவும் சூட்டில் சதையோடு ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

தலையை ரேடியேட்டர் பக்கம் வைத்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார் மேஸ்திரி. இரண்டு கையையும் ஷாப்டில் கொடுத்துத் துணியால் சுற்றினார். டீசல் குழாயை வாயில் வைத்து, "பல்லுல படாம முழுங்கிப் பழகுங்கக்கா, ரெண்டு நாள்ல பழகிப்போகும்," என்றார். அடித்தட்டைப் போட்டுப் போல்டுகளை முறுக்கும்போது, எங்காவது பிடிக்கிறதா என்று கேட்டார். இடுப்பில் பிடிக்கிறது என்றாள். அரைச் சுற்றுத் தளர்த்தினார்.

சென்னியப்பன் சீட்டில் ஏறி, கண்ணாடியில் ஒட்டியிருந்த சாமி படத்தைக் கும்பிட்டுச் சாவியைத் திருகினான். பாவாயி முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டாள். சத்தம் சீராக இருக்கிறது என்று மேஸ்திரி தலையாட்டினார்.

முதல் வாரம் தர்மபுரிக்கும் ஓசூருக்குமாக ஓடினார்கள். பாவாயிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. காற்று நுழையும் இடைவெளியில் தார் மட்டும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஏற்றம் வந்தால் நெஞ்செலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. இறக்கத்தில் வண்டி முழுக்க அவள் முதுகில் வந்து சாய்ந்தது. புருஷனின் கால் எப்போது அழுத்தும், எப்போது விடும் என்று இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது. வீட்டில் அவனுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்ததில்லை.

மூன்றாம் நாளே அவன் பேச ஆரம்பித்துவிட்டான். உள்ளே இருப்பது யார் என்று மறந்தானா, இருபத்திரண்டு வருடப் பழக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஏறு கண்ணு, இன்னும் கொஞ்சம்தான்," என்றான். அவளை அவன் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. வழியெல்லாம் பேசினான். கண் மங்குவதைச் சொன்னான். எதிரே வரும் வண்டி சில சமயம் இரண்டாகத் தெரிவதைச் சொன்னான். அவன் அண்ணன் காட்டு நிலத்தைப் பிரித்ததில் ஏமாற்றியதைச் சொன்னான். செத்தால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சாக வேண்டும், ஆனால் பக்கத்து வண்டிக்காரனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றான். வீட்டில் அவன் பேசுவது உப்பு, தண்ணி, கதவு என்ற அளவில்தான். மீதி எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று பாவாயி தெரிந்துகொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் தொப்பூர் ஏற்றத்தில் அவன் குழந்தையைப் பற்றிப் பேசினான். அதை ஏற்கெனவே பலமுறை சொன்னவன் குரலில் சொன்னான். விவரங்களைத் தாண்டித் தாண்டிப் போனான். செய்தி கிடைத்த இடத்தில் வண்டியை ஓரம் கட்டியதும், சாவியைத் திருப்பியும் என்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததும், அதன்மேல் தலைவைத்துப் படுத்துக் கிடந்ததும் எல்லாம் வந்தது. மூன்று நாள் அவன் கண்ணை மூடவில்லை.

"பேரெல்லாம் வெச்சிருந்தேனே கண்ணு," என்றான். "செங்கோடன்னு. அவகிட்ட சொல்லல. சொன்னா, அப்புறம் அந்தப் பேரச் சொல்லி அழுவா."

பாவாயிக்கு அழுகை வரவில்லை. உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் முதல் வாரமே ஆவியாகிவிட்டிருந்தது. அதற்குப் பதில் சூடு ஏறியது. வயிற்றில் தொடங்கி மார்புக்கும் தொண்டைக்கும் ஏறியது. மேலே சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. சென்னியப்பன் வண்டியை ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, மூடியைத் திறந்தான். ஆவி அடங்கியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குழாயை வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாது.

"ஏத்தத்துல சூடாயிருச்சு," என்றான் அவன். குடத்துத் தண்ணீரை அவள்மேல் மெதுவாக ஊற்றினான். நெற்றியில் ஊற்றும்போது கண்ணுக்குள் போகாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான். பிறகு மூடியைச் சாத்தினான்.

அன்றிலிருந்து அவன் பேசவில்லை. மீதி இருபத்தொரு நாளும் வண்டியில் அவள் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நாற்பதாம் நாள் மேஸ்திரி அவளை இறக்கினார். பிடரி மயிர் கருகியிருந்தது. கடைவாய்ப் பல் மூன்று போயிருந்தது. முழங்கால் நிமிரவில்லை. சும்மா நிற்கும்போது உடம்பு மொத்தமும் ஒரே சீராக அதிர்ந்தது. அன்று மாலை அவள் அடுப்படியில் நின்றபோது பரணிலிருந்த பாத்திரங்கள் கிணுகிணுவென்று ஆடின. மூன்று மாதத்தில் அடங்கிவிடும், சிலருக்கு அடங்காது என்றார் மேஸ்திரி.

என்ஜின் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டு பத்து வயது குறைந்தாற்போல் வந்திருந்தது. சென்னியப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிக்கொடுத்தான். பாவாயி பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தாள். அது தன்னைப் பார்ப்பதுபோல் அவளுக்கு இருந்தது.

உள்ளே படுத்தவர், என்ஜின் ஓடும் முதல் நடையில் கூடவே போக வேண்டும். நாற்பது நாளில் பாதையில் என்னென்ன மாறியிருக்கிறது என்பதை என்ஜினுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் கிடையாது. ஆகவே மறுநாள் விடிந்ததும் அவள் முழங்காலைக் கையால் தூக்கி வைத்து ஏறி, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வண்டியின் மேலே அவள் உட்காருவது அதுதான் முதல் முறை. ரோடு அங்கிருந்து மிகவும் அகலமாகத் தெரிந்தது.

பள்ளம் வந்தால் பள்ளம் என்றாள். புதிதாகப் போட்ட வேகத்தடையைச் சொன்னாள். என்ஜின் கேட்டுக்கொண்டது. சேலத்தைத் தாண்டினார்கள்.

"ஏனுங்க," என்றாள் அப்புறம். குரல் கரகரவென்று வந்தது. "செங்கோடன்னு எங்கிட்டயும் ஒருக்காச் சொல்லியிருக்கலாமுங்க. நானும் அழுதிருப்பேன். இப்ப நீங்க சொன்னாலும் எனக்குத் தண்ணி வராதுங்க."

சென்னியப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மாற்ற மறந்துவிட்டான். என்ஜின் ஒருமுறை முனகியது.  பிறகு இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அவள் முழங்கால்மேல் வைத்தான். அவள் உடம்பின் அதிர்வில் அவன் கையும் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. அவளும் தட்டிவிடவில்லை. அப்படியே வெகுதூரம் போனார்கள்.

தொப்பூர் அடிவாரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. சிவப்புத் துணி கட்டிய குச்சியோடு ஒரு பெண் ஒவ்வொரு வண்டியாக வந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஏற்றத்து ரோட்டை ரிப்பேருக்கு எடுத்துப் போயிருக்கிறார்களாம். முடிய ஒன்றரை மாதம் ஆகுமாம்.

முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்ததும் தெரிந்தது. ஏற்றம் முழுக்கச் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் நெருக்கமாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். வளைவுகளில் உடம்பை வளைத்துப் படுத்திருந்தார்கள். நடுவே வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் சம இடைவெளி விட்டு நேர்க்கோட்டில் கிடந்தார்கள்.

"லோடு வண்டியெல்லாம் இடது பக்கமே போங்க," என்றாள் சிவப்புத் துணிக்காரி. "அங்கதான் வயசுப் பசங்க படுத்திருக்காங்க. தாங்குவாங்க."

பாவாயி என்ஜினிடம் மெதுவாக ஏறச் சொன்னாள். சென்னியப்பன் வெள்ளைக் கோட்டைத் தொடாமல் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி, இரண்டாவது கியரைப் போட்டான்.