பன்னிரண்டாம் வரிசையில் கல்யாணம்

செவ்வல்குடி விமான நிலையத்துக்கும் நத்தம்பாறை விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம், விமானத்தின் நீளத்தைவிடக் குறைவு. வால் செவ்வல்குடியில் நிற்கும்போதே மூக்கு நத்தம்பாறையில் இருக்கும். விமானம் நேராக மேலே எழும்பி, எல்லோரும் தேநீர் குடித்து முடிக்கும்வரை நின்று, நேராக இறங்கும். பிறகு பயணிகள் முன்வாசல் வழியாக வெளியேறுவார்கள். பயண நேரம் முக்கால் மணி.

தேநீர் கொடுப்பவள் செண்பகவல்லி. செவ்வல்குடிக்காரி, வால்பக்கம் ஏறுவாள். விமானி இசக்கிமுத்து நத்தம்பாறைக்காரன், மூக்குப்பக்கம் ஏறுவான். அவனுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்தே இருவருக்கும் பிடித்துப்போயிற்று.

கல்யாணம் எந்த ஊரில் என்பதில்தான் சிக்கல்.

"பொண்ணு ஊர்லதான் தாலி ஏறணும். தேடிப்போய்க் கட்டிக்குடுக்க நாங்க என்ன நாதியத்தவங்களா?" என்றார் செண்பகவல்லியின் அப்பா ஆவுடையப்பன்.

"எம்மவன் எங்க ஊரு மண்ணை விட்டு நகரமாட்டான்" என்றாள் இசக்கிமுத்துவின் அம்மா பேச்சியம்மாள்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. கடைசியில் ஆவுடையப்பன் மகளுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அன்று தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன செண்பகவல்லிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. பன்னிரண்டாம் வரிசையில் வண்டி வழக்கம்போல லேசாகத் துள்ளியது. ஊர் மாறும் இடம் அது. அவள் அங்கேயே நின்றாள். பிறகு வேகமாக விமானியின் அறைக்குப் போனாள்.

"பன்னெண்டாவது வரிசையில வச்சிக்கிடுவோமா?"

இசக்கிமுத்து கொஞ்சம் யோசித்தான். "வச்சிக்கிடுவோம். துணை விமானிகிட்ட மட்டும் சொல்லிருதேன்."

அவரவர் ஊரைவிட்டு நகர வேண்டாம் என்றதும் இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள். முகூர்த்தத்தன்று பெண் வீட்டார் பின்னாலும் மாப்பிள்ளை வீட்டார் முன்னாலும் உட்கார்ந்தார்கள். நாதஸ்வரம் செவ்வல்குடியில் ஒலித்தது; தவில் நத்தம்பாறையில் முழங்கியது. விமானம் எழும்பியதும் ஆவுடையப்பனுக்குச் சந்தேகம் வந்தது.

"மேல வந்துட்டா இது எந்த ஊரு?"

"கீழ எது இருக்கோ அதுதான் ஊரு" என்றாள் பேச்சியம்மாள். அவருக்கும் அது சரியாகப் பட்டது.

தாலியைக் கையில் எடுத்தான் இசக்கிமுத்து. செண்பகவல்லி குனிந்தாள்.

"ஏட்டி, ரொம்பக் குனியாத! தலை அந்த ஊருக்குப் போயிரும்" என்று பதறினார் ஆவுடையப்பன்.

அவள் நிமிர்ந்துகொண்டாள். இசக்கிமுத்து கையை நீட்டினான். எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள்.

"கை வரலாம், தப்பில்ல" என்றார் அவர்.

மூன்று முடிச்சும் விழுந்தன. பெரியவர்கள் சீட் பெல்ட்டை அவிழ்க்காமலே அட்சதை தூவினார்கள். செண்பகவல்லியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுவீட்டுக்காக எல்லோரும் நத்தம்பாறையிலிருந்து திரும்பும் விமானத்தில் ஏறினார்கள். வழக்கமாக ஜனங்கள் பஸ்ஸில்தான் திரும்புவார்கள், ஏனென்றால் விமானத்தில் திரும்பும் தூரம் அதிகம். விமானத்துக்குப் பின்னால் போகத் தெரியாது; உலகத்தைச் சுற்றிக்கொண்டு வர மூன்று நாளாகும். புளியோதரை கட்டி எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில் கடல் வந்தது. இசக்கிமுத்து விமானத்தை ஓரமாக நிறுத்தினான். எல்லோரும் இறங்கிக் கால் நனைத்தார்கள். அலை வந்தபோது, மருமகளின் பட்டுப்புடவை நனையாமல் பேச்சியம்மாள் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.